கேமராவைப் பிடித்திருப்பது யார்?

என் அக்கா மகனுக்கு 16 வயது. சென்ற ஆண்டு ஸ்கேட்போர்டிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டைப் பிரித்த அன்றே அக்கா அந்தப் பலகையைத் துணி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். இன்னும் அது அங்கேதான் தூசி படிந்து கிடக்கிறது. பையன் அழவில்லை, சண்டை போடவில்லை. கணினியில் ஸ்கேட்போர்டு விளையாட்டுகளை ஆடத் தொடங்கினான். வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறானே என்று அக்காவும் விட்டுவிட்டார்.

மூன்று வாரங்களுக்கு முன் அக்காவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. "நீயே வந்து இவன்கிட்ட பேசு. பாலிடெக்னிக்ல மீடியா படிக்கணுமாம். அதுக்கு இன்டர்வியூல காட்ட வீடியோ வேணுமாம். கேம் ஆடினதையே எடுத்துக் காட்டப் போறேங்கிறான். அவங்க சிரிக்க மாட்டாங்களா?"

ஊடகம் படித்தவள், வானொலியில் வேலை செய்கிறவள் என்பதால் குடும்பத்தில் இந்த மாதிரி வழக்கெல்லாம் என்னிடம்தான் வரும். கல்யாண வீடியோவில் பாட்டு சரியில்லை என்றாலும் எனக்குத்தான் அழைப்பு.

போய்ப் பார்த்தேன். மூன்று நிமிடக் காணொளி. உழைப்பு தெரிந்தது. ஒவ்வொரு தாவலும் மூன்று கோணங்களில் வந்தது: தலைக்கு மேலிருந்து, கால்களுக்கு அடியிலிருந்து, பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு. வெயில் பளபளக்கிறது, இசை சரியான இடத்தில் அடிக்கிறது. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இல்லையா சித்தி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பயமே வரலையே" என்றேன். அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன். குறை எங்கே இருக்கிறது என்பது பிறகு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அந்தக் கேமரா யாருடைய கையிலும் இல்லை.

இந்த விளையாட்டுகளைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்கேட்டர் எக்ஸ்எல்', 'செஷன்' போன்றவற்றில் ஒரு தாவலை முடித்த பிறகு, ரீப்ளே எடிட்டர் என்ற பகுதிக்குள் நுழைந்து அதே தாவலைத் திரும்ப ஓடவிடலாம். கேமராவை விரும்பிய இடத்தில் வைக்கலாம். இந்த நொடியில் இங்கே, அடுத்த நொடியில் அங்கே என்று புள்ளி குறித்தால் இடையில் உள்ள வழியை மென்பொருளே நிரப்பிவிடும். கேமராவுக்கு எடை கிடையாது. சுவரில் மோதாது, விழாது, உடையாது. வாடகையும் இல்லை. எங்கும் வைக்கலாம் என்பதால் எங்கெங்கோ வைக்கிறார்கள். கிடைப்பது வீடு விற்கும் நிறுவனத்தின் விளம்பரப் படம் போன்ற ஒரு வழுவழுப்பு.

உண்மையான ஸ்கேட்போர்டு காணொளிகள் அப்படி உருவானவை அல்ல. 1995இல் சோனி வெளியிட்ட விஎக்ஸ்1000 என்ற மினிடிவி கேமராவை இன்றும் இந்த உலகத்தில் பக்தியோடு பேசுகிறார்கள். அதன் தலைமேல் ஒரு கைப்பிடி. பால் பாத்திரத்தைத் தூக்குவதுபோல அதைப் பிடித்துக் கேமராவைத் தரையை ஒட்டித் தொங்கவிடலாம். முன்பக்கம் செஞ்சுரி ஆப்டிக்ஸ் நிறுவனத்தின் ஃபிஷ்ஐ லென்ஸ், அதாவது மீன்கண் லென்ஸ். படமெடுப்பவர் தானும் ஒரு பலகையில் ஏறி, சறுக்குபவருக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் போவார். சறுக்குபவர் விழுந்தால் பலகை பறந்து வந்து லென்ஸில் அடிக்கும், சில சமயம் படமெடுப்பவரின் முழங்காலில். அந்த ஆபத்து படத்துக்குள் தெரியும். பார்ப்பவர் வயிற்றில் அது ஒரு பிடி பிடிக்கும்.

அந்தப் பழக்கம் விளையாட்டுகளுக்குள்ளும் வந்தது. 1999இல் வந்த 'டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர்' விளையாட்டில் கேமரா சறுக்குபவருக்குப் பின்னால் சற்று உயரத்தில் மிதக்கும். மதிப்பெண் சேர்க்க அது வசதி. 2007இல் வந்த 'ஸ்கேட்' கேமராவைக் கீழே இறக்கிக் கால்களுக்கு அருகில் கொண்டுவந்தது. யாரோ ஒருவர் பின்னாலேயே படமெடுத்துக்கொண்டு வருவது போன்ற தோற்றம். இரண்டையும் ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு உடம்பிலேயே தெரியும்.

லென்ஸைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் செய்யும் ஒரு தவறு, நானும் படிக்கும் காலத்தில் செய்தது: அகல லென்ஸ் போட்டால் பொருள்கள் விலகித் தெரியும், நீள லென்ஸ் போட்டால் நெருங்கித் தெரியும் என்று மனப்பாடம் செய்துவிடுவது. அந்தத் தோற்றத்தை உண்டாக்குவது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் தூரம். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை மட்டுமே லென்ஸ் முடிவு செய்கிறது. வானொலியில் இது எனக்குத் தினசரி அனுபவம். ஒலிவாங்கிக்கு நான்கு விரல் தூரத்தில் பேசினால் காதில் ரகசியம் சொல்வதுபோல இருக்கும். அதே வாக்கியத்தை ஓர் அடி தள்ளி நின்று பேசிவிட்டு, ஒலிப்பதிவாளரிடம் சத்தத்தை எவ்வளவு கூட்டச் சொன்னாலும் அந்த நெருக்கம் வராது. சத்தம் வேறு, தூரம் வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்துப் படிகள். மேலிருந்து கீழே வரை தரையளவில் மூன்று மீட்டர். சறுக்குபவர் மேலே எகிறி, படிகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறார். கேமரா கீழே, அவர் இறங்கும் இடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எகிறும்போது அவர் நான்கு மீட்டர் தொலைவில் இருக்கிறார், இறங்கும்போது ஒரு மீட்டர். அந்த ஒரு நொடியில் அவர் உருவம் நான்கு மடங்கு பெருத்துத் திரையை நிறைக்கிறது. படிக்கட்டு பள்ளத்தாக்கு போலத் தோன்றும்.

அதே தாவலை 20 மீட்டர் தள்ளி, சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுங்கள். 23 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு அவர் வருகிறார். உருவம் 15 விழுக்காடுதான் பெருக்கிறது. வேகமே இல்லாததுபோல இருக்கும். ஆனால் படியின் உயரம் உள்ளது உள்ளபடி தெரியும். முழங்கால் மடங்குவதும், தோள் திரும்புவதும், பலகை காலுக்கு அடியில் சுழன்று மீண்டும் காலைத் தேடி வருவதும் தெளிவாகத் தெரியும். பின்னால் நிற்கும் கட்டடமும் நடந்து போகிறவர்களும் பெரிதாகத் தெரிவதால் இது ஓர் ஊர், இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்ற உணர்வும் கிடைக்கும்.

ஆக, முதலில் முடிவு செய்ய வேண்டியது லென்ஸ் எண்ணை அல்ல. இந்தத் தாவலை நான் எங்கே நின்று பார்த்திருப்பேன் என்பதை. அதன் பிறகு எண் தானாக வரும். 20 மீட்டரில் நின்று ஐந்து மீட்டர் அகலத்துக்கு இடம் தெரிய வேண்டும் என்றால் ஏறத்தாழ 145 மி.மீ. லென்ஸ் வேண்டும். ஒன்றரை மீட்டரில் நின்று அதே ஐந்து மீட்டர் தெரிய வேண்டும் என்றால் 11 மி.மீ.க்கும் கீழே போக வேண்டும். சாதாரண அகல லென்ஸ் அங்கே திணறும் என்பதால்தான் ஸ்கேட்போர்டுக்காரர்கள் மீன்கண்ணைத் தேடிப் போனார்கள்.

விளையாட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. பலவற்றில் மி.மீ. கணக்கே இருக்காது. 'பார்வைப் புலம்' என்று பாகையில் ஓர் எண் இருக்கும். எந்தப் பக்கத்துப் பாகை என்று சொல்ல மாட்டார்கள். ஸ்கேட்டர் எக்ஸ்எல் யூனிட்டி என்ற மென்பொருளில் உருவானது, செஷன் அன்ரியலில். யூனிட்டி வழக்கமாக மேலிருந்து கீழான கோணத்தை எண்ணும். அன்ரியல் இடமிருந்து வலமான கோணத்தை எண்ணும். மேலிருந்து கீழாக 60 பாகை என்றால் அகலத்திரையில் அது ஏறத்தாழ 17 அல்லது 18 மி.மீ. லென்ஸ். இடமிருந்து வலமாக 60 பாகை என்றால் 31 மி.மீ. எண் ஒன்று, படம் வேறு. மெனுவில் எந்தக் கோணத்தைக் காட்டுவது என்பதை விளையாட்டை உருவாக்கியவர்கள் தங்கள் விருப்பப்படி மாற்றவும் செய்யலாம். அதனால் எண்ணை நம்ப வேண்டாம், அளந்துவிடுங்கள்.

அளப்பதற்குத் தரைக்கல் போதும். சதுரக் கல் பதித்த ஒரு திடலுக்குப் போங்கள். கேமராவைத் தரைக்கு அருகே இறக்குங்கள். ஆறு கல் தள்ளியுள்ள வரிசையைப் பாருங்கள். அந்த வரிசையில் திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஆறு கற்கள் தெரிந்தால் அது 36 மி.மீ. பன்னிரண்டு கற்கள் தெரிந்தால் 18. மூன்று மட்டும் தெரிந்தால் 72. ஃபுல் ஃபிரேம் கேமராவின் உணரி 36 மி.மீ. அகலம் என்பதால் கணக்கு இப்படி அழகாக வந்து விழுகிறது. இதைக் கண்டுபிடித்ததும் பையன் ஒரு மணி நேரம் எல்லாத் தெருவிலும் கல்லை எண்ணிக்கொண்டிருந்தான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் மீடியா படிப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மீன்கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வைப் புலத்தை 120 பாகைக்குத் தள்ளிவிட்டால் மீன்கண் வந்துவிடும் என்று பையன் நினைத்திருந்தான். வராது. விளையாட்டின் கேமரா நேர்கோடுகளை நேராகவே காட்டும். அதன் விலையாக ஓரங்களை இழுத்து நீட்டும். சறுக்குபவர் திரையின் ஓரத்துக்குப் போனதும் தலை பூசணிக்காய் ஆகிவிடும். உண்மையான மீன்கண் அதற்கு எதிரானது. கோடுகளை வளைக்கும், ஓரத்து உருவங்களை அவ்வளவாக இழுக்காது. சில விளையாட்டுகளில் இதற்குத் தனித் தெரிவு இருக்கும். இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் 16 மி.மீ. அளவோடு நிறுத்திக்கொண்டு, சறுக்குபவரைத் திரையின் நடுவிலேயே வைத்திருப்பது நல்லது.

மீன்கண் இருந்தாலும் தள்ளி நின்று பயன்படுத்தினால் வீண். நான்கு மீட்டர் தொலைவில் ஆள் எறும்பாகிவிடுவார், தரையும் வானமும் மட்டும் மிஞ்சும். பலகையிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். தொடர்ந்து இரண்டு மூன்று வித்தைகளை ஒரே ஓட்டமாகச் செய்வதை 'லைன்' என்பார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஒரு வித்தைக்கும் அடுத்ததற்கும் இடையில் காலால் தரையை உந்தும் அந்தச் சாதாரண நேரத்தையும் வெட்டக் கூடாது. மூச்சு வாங்குவது அங்கேதான் தெரிகிறது.

நடுத்தர லென்ஸ்களை, அதாவது 28 முதல் 50 மி.மீ. வரை, ஸ்கேட்போர்டு படங்களில் நான் அவ்வளவாக விரும்புவதில்லை. கல்மேடை விளிம்பில் பலகையைத் தேய்த்துச் செல்லும் வித்தையைப் பக்கத்திலிருந்து காட்ட 35 நன்றாக இருக்கும். மற்றபடி அது பயமும் இல்லை, தெளிவும் இல்லை. இது என் சொந்த ரசனை. பையன் ஒத்துக்கொள்ளவில்லை.

நீள லென்ஸுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: கேமரா நகரக் கூடாது. 150 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு யாரும் ஓட முடியாது, படம் ஆடிவிடும். ஓரிடத்தில் நின்று தலையை மட்டும் திருப்பிப் பின்தொடர வேண்டும். விளையாட்டில் நீள லென்ஸ் கேமராவை வழுக்கிக்கொண்டு ஓடவிட்டால் பார்ப்பவருக்கு உடனே பொய் தெரிந்துவிடும். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் தெரிந்துவிடும். திருப்பும்போதும் சறுக்குபவரை அச்சு மாதிரி நடுவில் பிடித்திருக்க வேண்டாம். மனிதக் கை கொஞ்சம் பின்தங்கும், பிறகு எட்டிப் பிடிக்கும்.

பையன் மாற்ற மறுத்து ஒரு நாள் முழுக்க வாதாடியது வெட்டுகளைப் பற்றித்தான். அவனுடைய காணொளியில் ஆள் காற்றில் இருக்கும்போதே கோணம் மாறும். ஸ்கேட்போர்டு படங்களில் எழுதப்படாத ஒரு விதி உண்டு: எகிறுவதும் இறங்குவதும் ஒரே துண்டில் இருக்க வேண்டும். நடுவில் வெட்டினால், இறங்கவே இல்லாத தாவலை இறங்கியதாகக் காட்டிவிடலாம் அல்லவா? இன்னொரு கோணம் வேண்டுமானால், முழுத் தாவலையும் காட்டிவிட்டு இரண்டாம் முறை காட்டுவார்கள்.

"இது கேம்தானே சித்தி. நான் உண்மையாவே இறங்கினேன்னு யாருக்கு நிரூபிக்கணும்?" என்றான்.

"நீ அந்தப் படியில எத்தனை தடவை விழுந்தே?"

"நாற்பது தடவைக்கு மேல."

"அதை நிரூபி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விழுந்த நாற்பதில் மூன்றைத் தேடி எடுத்தான். விளையாட்டுதான் என்றாலும் கட்டைவிரல் இரண்டும் தப்பாமல் ஒத்துழைத்தால்தான் அந்தத் தாவல் வரும். செஷனில் இடக்குச்சி ஒரு காலுக்கு, வலக்குச்சி மறுகாலுக்கு. கை நினைத்தது கால் செய்யாமல் போவதெல்லாம் அதிலும் நடக்கும்.

புதிய காணொளி ஒரு நிமிடம் ஐம்பது நொடி. 41 துண்டுகள் 14 ஆகிவிட்டன. முதலில் 150 மி.மீ. லென்ஸில், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து, மூன்று முறை விழுகிறான். அசையாத கேமரா, தூரத்தில் ஒரு சிறு உருவம், இசை கிடையாது. நான்காவது முறை அதே படிக்கட்டு, ஆனால் கேமரா கீழே படியடியில், மீன்கண்ணோடு. ஆள் விளிம்பில் தெரிகிறான், எகிறுகிறான், பெரிதாகிறான்.

அந்த நேரத்தில் துணி மடித்துக்கொண்டே பின்னால் நின்று பார்த்த அக்கா "ஐயோ, கை!" என்றார். கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. திரையில் இருந்தது ஒரு பொம்மை என்பது அவருக்குத் தெரியும். பையன் எதுவும் சொல்லாமல் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். அதற்கு மேல் அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிடப் போய்விட்டோம்.

தேர்வாளர்கள் சிரிப்பார்களா என்ற அக்காவின் கேள்விக்கு வருகிறேன். என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஸ்பைக் ஜோன்ஸ் என்ற இயக்குநர் 1991இல் 'வீடியோ டேஸ்' என்ற ஸ்கேட்போர்டு காணொளியை எடுத்தவர். பிறகு 'ஹெர்' படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கார் வாங்கினார். அதைச் சொன்னதும் அக்கா, "அவரு உண்மையான பலகையை எடுத்தாரு" என்றார். அதுவும் சரிதான். விளையாட்டுக் கேமராவில் வெளிச்சத்தை யாரும் காத்திருந்து பிடிக்க வேண்டியதில்லை, மழை வந்தால் ஒதுங்க வேண்டியதில்லை, பாதுகாவலர் வந்து விரட்டுவதற்குள் எடுத்து முடிக்க வேண்டியதில்லை. இவற்றை இவன் இன்னும் கற்கவில்லை. நேர்முகத் தேர்வில் கேட்டால் அதை மறைக்காமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன். எந்தத் துண்டுக்கு எந்த லென்ஸ், ஏன் அங்கே நின்றாய் என்று கேட்டால் அதற்கும் அவனிடம் பதில் இருக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எல்லோரிடமும் அந்தப் பதில் இருக்கும் என்று நினைக்கிறீர்களா?

விண்ணப்பத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் ஸ்கேட்போர்டு தளத்துக்கு இருவரும் போகிறோம். இவன் சறுக்கப் போவதில்லை, மற்றவர்களிடம் அனுமதி கேட்டுக் கைப்பேசியில் படமெடுக்கப் போகிறான். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 முதல் 26 மி.மீ., அகல லென்ஸ் 13 மி.மீ. அளவு. 13ஐ எடுத்துக்கொண்டால் ஒரு மீட்டருக்குள் நிற்க வேண்டும். அக்கா அனுமதி கொடுத்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு. அலமாரிக்கு மேலிருந்து தலைக்கவசத்தை மட்டும் இறக்கித் தந்திருக்கிறார். பலகை அங்கேயே இருக்கிறது.